காலேஜ் ஃபீஸுக்கு உதவித்தொகையும் கல்விக்கடனும்: எதை முதலில் கேட்பது, எப்படி வாங்குவது

கல்லூரிக்கு ஆகும் பணத்தை மூன்று பங்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். கட்டவே தேவையில்லாத பணம் ஒன்று. அரசு உங்கள் கணக்கில் போடுகிற பணம் இன்னொன்று. வாங்கிப் படித்துவிட்டுப் பிறகு திருப்பிக் கட்ட வேண்டிய பணம் மூன்றாவது. இந்த வரிசையில்தான் தேட வேண்டும். நம் வீடுகளில் பெரும்பாலும் தலைகீழாக நடக்கிறது: சீட் கிடைத்த மறுநாள் அம்மாவின் நகை அடகுக்குப் போகிறது, அது போதாமல் தெரிந்தவரிடம் கைமாற்று, இரண்டாம் வருஷம் வங்கி, மூன்றாம் வருஷத்தில் யாரோ சொல்லித்தான் முதல் பட்டதாரிக்குச் சலுகை உண்டு என்றே தெரிய வருகிறது. அப்போது போய்க் கேட்டால், "இதையெல்லாம் கவுன்சலிங்கிலேயே கொடுத்திருக்கணுமே" என்பார்கள். ஒரு வீட்டுக்கு அது பெரிய தொகை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து இங்கேயே கல்லூரியில் சேரப் போகிறவர்களையும் அவர்கள் வீட்டாரையும் மனதில் வைத்து எழுதியது இது. தொகையும் கடைசி தேதியும் வருஷா வருஷம் மாறக்கூடும், விண்ணப்பிக்கும் வருஷத்து அறிவிப்பை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ரிசல்ட் வரும் முன்பே பேப்பர் வேலை

தேர்வு முடிந்து ரிசல்ட் வரும்வரை ஒரு மாதத்துக்கு மேல் கையில் இருக்கிறது. சான்றிதழ் வேலையை முடிக்க அதுதான் சரியான நேரம். ரிசல்ட் வந்துவிட்டால் ஊரே இ-சேவை மையத்தில்தான் நிற்கும், சர்வர் திணறும், வி.ஏ.ஓ. மேசையில் விண்ணப்பங்கள் குவியும், கவுன்சலிங் தேதி நெருங்கும்.

தேவைப்படுபவை சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. வெளி மாநிலத்தில் சில வருஷம் படித்திருந்தால் இருப்பிடச் சான்றும் வேண்டும். எல்லாமே இ-சேவையில்தான். முதலில் 'கேன்' எண் என்று ஒன்று போடுவார்கள், அது உங்கள் பெயரிலான பதிவு, ஒருமுறை போட்டால் போதும், அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சாதிச் சான்றுக்கு ஆர்.இ.வி.-101, வருமானத்துக்கு 103, முதல் பட்டதாரிக்கு 104 என்று சேவை எண்கள் உண்டு. மையத்தில் ஒரு விண்ணப்பத்துக்கு 60 ரூபாய் கட்டணம், அதற்கு மேல் கேட்டால் ரசீதைக் காட்டச் சொல்லுங்கள். விண்ணப்பம் வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்) வழியாக வட்டாட்சியர் அலுவலகம் போகும். எங்கே நிற்கிறது என்பதை ஒப்புகை எண்ணை வைத்து வீட்டிலிருந்தே பார்க்கலாம். ஒரு வாரமாக வி.ஏ.ஓ.விடமே நின்றால் நேரில் போய், எண்ணைச் சொல்லி, என்ன ஆவணம் குறைகிறது என்று கேளுங்கள். பெரும்பாலும் குடும்ப அட்டை நகலோ உறுதிமொழிப் படிவமோதான் சரியாக ஏறியிருக்காது.

வருமானச் சான்றைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். மருத்துவக் காப்பீட்டு அட்டைக்காக எப்போதோ 72 ஆயிரம் என்று வாங்கிய சான்று நிறைய வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும். அதையே எடுத்து உதவித்தொகைக்குக் கொடுத்துவிட்டு, பிறகு கடனுக்குப் போகும்போது வங்கியில் வருமானம் 3 லட்சம் என்று எழுதுவார்கள். இரண்டு தாளும் ஒரே கோப்பில் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து உட்காரும். மேனேஜர் எதை நம்புவார்? இப்போதைய உண்மையான வருமானத்துக்குப் புதிய சான்று வாங்குங்கள், எல்லா விண்ணப்பத்திலும் அதே எண்ணைப் போடுங்கள். அரசு உதவித்தொகைகளில் பலவற்றுக்கு வரம்பு 2.5 லட்சம், கல்விக்கடன் வட்டி மானியத்துக்கு 4.5 லட்சம், சிலவற்றுக்கு 8 லட்சம். ஆகவே உண்மையைச் சொன்னாலும் உங்களுக்கென்று ஒரு வாசல் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது பெயர். எல்லாவற்றுக்கும் அடிப்படை பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இருக்கும் பெயர்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், மதிப்பெண் சான்றில் முன்னால் இருக்கும், வங்கியில் அப்பா பெயர் முழுதாக இருக்கும். முத்துக்குமார் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் ஒரு 'ஹெச்' கூடியிருக்கும், வேறோரிடத்தில் இருக்காது. மனிதக் கண்ணுக்கு எல்லாம் ஒரே ஆள்தான், போர்டலுக்கு மூன்று பேர். பள்ளியில் இருக்கும்போதே ஆதாரை மதிப்பெண் சான்றோடு ஒத்துப்போகும்படி திருத்திவிடுங்கள், பிறகு வங்கிக் கணக்கை ஆதாருக்கு ஏற்ப மாற்றுங்கள். ஆதாரில் உள்ள செல்பேசி எண் இப்போது கையில் இருக்கிற எண்தானா என்பதையும் பாருங்கள். ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். கடைக்காரர் எண்ணையோ இ-சேவை மையத்துக்காரர் எண்ணையோ எங்கும் கொடுக்காதீர்கள், நாலு வருஷம் கழித்து அவரைத் தேடிக்கொண்டு அலைய வேண்டியிருக்கும்.

பணம் எந்தக் கணக்குக்குப் போகும்?

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. அரசு உதவித்தொகை இப்போது பெரும்பாலும் ஆதார் வழியாகத்தான் அனுப்பப்படுகிறது. விண்ணப்பத்தில் நீங்கள் எழுதிய கணக்கு எண்ணை விட, உங்கள் ஆதார் கடைசியாக எந்த வங்கியோடு இணைந்திருக்கிறதோ அதுதான் முக்கியம். அந்தப் பட்டியல் என்.பி.சி.ஐ. என்ற நிறுவனத்திடம் இருக்கிறது. வங்கியில் ஆதார் நகல் கொடுத்திருப்பது வேறு, அந்தப் பட்டியலில் இணைந்திருப்பது வேறு. வங்கியில் "ஆதார் லிங்க் ஆயிருக்கா" என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "டி.பி.டி.க்கு என்.பி.சி.ஐ. சீடிங் ஆயிருக்கா" என்று கேளுங்கள், அதாவது அரசு நேரடியாக அனுப்பும் பணம் வருவதற்கு அந்தப் பட்டியலில் கணக்கு இணைந்திருக்கிறதா என்று. அந்தக் கேள்விக்குத்தான் சரியான பதில் வரும்.

எங்கள் தெருவில் ஒரு பெண், நர்சிங் படிக்கிறாள். அரசு உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய் வர வேண்டும், போர்டலில் அனுப்பிவிட்டதாகவே காட்டுகிறது, பாஸ்புக்கில் ஒன்றும் இல்லை. கல்லூரி அலுவலகத்தில் கேட்டாள், வங்கியில் கேட்டாள், இருவருமே தங்கள் பக்கம் சரி என்றார்கள். கடைசியில் மை ஆதார் தளத்தில் ஓ.டி.பி. போட்டு, வங்கி இணைப்பு நிலை என்ற இடத்தில் பார்த்தால் வேறொரு வங்கியின் பெயர் வந்தது. ஏழாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காகத் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு. அவளுக்கே மறந்துபோயிருந்தது. பணமெல்லாம் மாதா மாதம் பத்திரமாக அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அந்தக் கிளைக்குப் போய் கே.ஒய்.சி. எனும் அடையாள ஆவணங்களைப் புதுப்பித்ததும் எடுக்க முடிந்தது.

இதையே நீங்கள் முன்கூட்டிப் பார்த்துவிடலாம், ஐந்து நிமிஷ வேலை. பழைய கணக்கோடு இணைந்திருந்தால், இப்போது பயன்படுத்தும் வங்கியில் சீடிங் படிவம் எழுதிக் கொடுத்தால் மாற்றிவிடுவார்கள். நீண்ட நாள் வரவு செலவு இல்லாமல் கணக்கு முடங்கியிருந்தாலும் பணம் திரும்பிப் போகலாம், அதனால் அவ்வப்போது நூறு ரூபாயாவது போட்டு எடுங்கள். அப்பாவோடு சேர்ந்த கூட்டுக் கணக்கு வேண்டாம், மாணவர் பெயரில் தனிக் கணக்கு இருக்கட்டும். மைனராக இருந்தபோது திறந்த கணக்கு என்றால் 18 முடிந்ததும் மேஜர் கணக்காக மாற்றச் சொல்லுங்கள்.

கட்டவே தேவையில்லாத பணம்

முதல் பட்டதாரிச் சலுகை 2010-11லிருந்து இருக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, அண்ணன் அக்கா யாருமே பட்டதாரி இல்லை, நீங்கள்தான் முதல் என்றால், ஒற்றைச் சாளரக் கவுன்சலிங் வழியாகப் பொறியியல், மருத்துவம், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்கல்வியில் சேரும்போது கல்விக் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். சாதி, வருமானம் எதுவும் பார்ப்பதில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான். மேனேஜ்மென்ட் கோட்டாவில் போனால் கிடையாது, இதை மட்டும் அடிக்கோடிட்டுப் படியுங்கள். ஏஜென்ட் ஒருவர் வந்து, கவுன்சலிங் எல்லாம் எதற்கு, நேரே சேர்த்துவிடுகிறேன் என்று சொல்லும்போது அந்தச் சலுகை நாலு வருஷத்துக்கும் சேர்த்துப் போகிறது என்பதை அவர் சொல்ல மாட்டார். முதல் பட்டதாரிச் சான்றோடு கூட்டு உறுதிமொழிப் படிவம் ஒன்றும் வேண்டும், பெற்றோரும் மாணவரும் கையெழுத்திட்டது. இரண்டையும் கவுன்சலிங் விண்ணப்பத்திலேயே ஏற்றுங்கள். சேர்ந்த பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கு 2020-ல் வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் நீட்டினார்கள். இந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கவுன்சலிங் கட்டணம் எல்லாம் அரசே ஏற்கிறது. தகுதி இருந்தும் விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை டிக் செய்யாமல் விட்டவர்கள் இருக்கிறார்கள். பள்ளியில் தலைமையாசிரியரிடம் எந்தெந்த வகுப்பு எந்தப் பள்ளி என்று எழுதிய சான்றை முன்பே வாங்கி வையுங்கள். நடுவில் பள்ளி மாறியிருந்தால் இரண்டு பள்ளிக்கும் போக வேண்டும்.

ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குப் போஸ்ட் மெட்ரிக் (பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான) உதவித்தொகை, குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள். திரும்பப் பெற முடியாத கட்டணங்களும் பராமரிப்புப் படியும் இதில் வரும். ஆதிதிராவிடர் மாணவர்களுக்கான திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்ற கணக்கில் பணம் வருகிறது, மத்தியப் பங்கு மாணவர் கணக்குக்கே நேரடியாக வரும். இங்கே கவனம். அந்தப் பணம் கல்லூரிக்குப் போக வேண்டிய ஃபீஸ். கணக்கில் விழுந்ததும் வீட்டுச் செலவு ஏதாவது முந்திக்கொள்ளும், செமஸ்டர் முடிவில் கல்லூரி ஹால் டிக்கெட்டை நிறுத்தும். வந்த வாரமே கட்டி ரசீது வாங்கிவிடுங்கள். அதே மாதிரி, சேரும்போதே முழுக் கட்டணத்தையும் கட்டு என்று கல்லூரி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். முன்பணம் கட்டாமலே சேர்வதற்காக ஃப்ரீஷிப் கார்டு என்ற ஏற்பாடு இந்தத் திட்டத்தின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள், கல்லூரி மறுத்தால் எழுத்தில் புகார் கொடுங்கள்.

பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு, அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு இளங்கலைப் படிப்பு என்றால் இலவசக் கல்வித் திட்டத்தில் வருமான வரம்பே கிடையாது. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்பு என்றால் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஐ.ஐ.டி., என்.ஐ.டி., மத்தியப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் சேர்ந்த இந்தப் பிரிவு மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வரை மாநில அரசு தனியாகக் கொடுக்கிறது, அதற்கும் அதே வரம்பு. ஐ.ஐ.டி.யில் இடம் கிடைத்தவர்களுக்கு இன்னொன்று: பி.டெக்.கில் வருமானம் 1 லட்சத்துக்குள் என்றால் கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடி, 1 முதல் 5 லட்சம் வரை மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி, எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு முழுத் தள்ளுபடி. கட்டணத்தைக் கேட்டே பயந்து வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

கணக்கில் வந்து விழும் பணம்

மாணவிகளுக்கான புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கியது, மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9-ல். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் மாதம் 1,000 ரூபாய், முதல் பட்டமோ டிப்ளமோவோ ஐ.டி.ஐ.யோ முடிக்கும்வரை. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். நீங்களாக எங்கும் போய் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கல்லூரியில் இருக்கும் பொறுப்பு ஆசிரியர் வழியாக யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் விவர போர்டலில் பதிவாகும். சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் யூமிஸ் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். சாதிவாரி உதவித்தொகைகளும் இப்போது இதே போர்டல் வழியாகத்தான் நடக்கின்றன. அந்த எண்ணில் உங்கள் பெயரும் ஆதாரும் பள்ளி விவரமும் சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு ஆயிரம் மாணவர், உங்களுக்கு ஒரு விண்ணப்பம், ஆகவே அதைத் துரத்த வேண்டியது நீங்கள்தான்.

அப்புறம் தேசிய உதவித்தொகை போர்டல். அதில் முதலில் ஒருமுறைப் பதிவு எண் எடுக்க வேண்டும், ஆதாரும் முகச் சரிபார்ப்பும் கேட்கும். பிளஸ் டூவில் உங்கள் போர்டில் எண்பதாவது பெர்சென்டைலுக்கு மேல், அதாவது முதல் 20 சதவீதத்தினருக்குள் வந்து, குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால் மத்திய அரசின் உதவித்தொகை இளங்கலைக்கு ஆண்டுக்கு 12 ஆயிரம். ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் பொறியியலோ டிப்ளமோவோ முதலாண்டு சேர்ந்த பெண்களுக்குப் பிரகதி, ஆண்டுக்கு 50 ஆயிரம், வருமான வரம்பு 8 லட்சம், ஒரு வீட்டில் இரண்டு பெண்கள் வரை. மாற்றுத்திறனாளிகளுக்குச் சக்ஷம் இருக்கிறது. இந்தப் போர்டலில் உள்ள திட்டங்களில் ஒன்றைத்தான் வாங்க முடியும், எது அதிகமோ அதைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

விண்ணப்பம் அனுப்பியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கல்லூரி நோடல் அதிகாரி முதலில் சரிபார்க்க வேண்டும், பிறகு அடுத்த நிலை. ஏதாவது குறை இருந்தால் டிஃபெக்டிவ் என்று திருப்பி அனுப்புவார்கள், அதைத் திருத்த ஒரு கடைசி தேதி இருக்கும், அது தாண்டினால் அந்த வருஷம் போச்சு. வாரம் ஒருமுறை நிலையைத் திறந்து பாருங்கள்.

அப்பா அம்மா என்ன வேலை பார்க்கிறார்கள் என்பதிலும் பணம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம், மற்ற அமைப்புசாராத் தொழிலாளர் வாரியங்கள், முதலமைச்சரின் உழவர் பாதுகாப்புத் திட்டம் எல்லாவற்றிலும் உறுப்பினர் பிள்ளைகளின் மேற்படிப்புக்கு உதவி உண்டு. கொத்தனார், தையல்காரர், ஆட்டோ ஓட்டுநர் வீடுகளில் அட்டை இருக்கும், புதுப்பிக்காமல் கிடக்கும். அதைப் புதுப்பிப்பதற்கு ஒரு நாள் கூலி போகும், போனாலும் பரவாயில்லை. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் இருப்பவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இலவசக் கல்வித் திட்டத்தையும் பாருங்கள், பிளஸ் டூ ரிசல்ட் வந்த சூட்டோடு விண்ணப்பிக்க வேண்டும், தாமதித்தால் போய்விடும்.

மீதிக்குக் கல்விக்கடன்

மேலே சொன்னதெல்லாம் கழித்து, இன்னும் எவ்வளவு தேவை என்று நாலு வருஷத்துக்கும் ஒரு தாளில் எழுதுங்கள்: கல்லூரிக் கட்டணம், விடுதி, தேர்வு, புத்தகம், லேப்டாப். இவை எல்லாம் கடனில் சேரும். முதல் வருஷத்துக்கு மட்டும் கேட்டுவிட்டு பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள், முழுப் படிப்புக்கும் சேர்த்து அனுமதி வாங்கிக்கொண்டு, செமஸ்டர் செமஸ்டராக எடுப்பதுதான் முறை. கல்லூரியில் போனஃபைடு சான்று (அங்கே படிப்பதற்கான சான்று) கேட்கும்போது வருஷவாரியாகக் கட்டண விவரம் எழுதிக் கேளுங்கள், வங்கி அதைத்தான் பார்க்கும்.

4 லட்சம் வரை அடமானமோ மூன்றாம் நபர் ஜாமீனோ கேட்கக் கூடாது, பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். 7.5 லட்சம் வரைக்கும் அரசின் கடன் உத்தரவாத நிதி இருக்கிறது, அதன் கீழ் கொடுத்தால் அங்கேயும் ஜாமீன் தேவையில்லை. 4 லட்சம் வரை உங்கள் கைப்பணம் எதுவும் போட வேண்டாம், அதற்கு மேல் உள்நாட்டுப் படிப்புக்கு 5 சதவீதம். 2024 நவம்பரில் அறிவித்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில், பட்டியலில் உள்ள கல்வி நிறுவனங்களில் சேர்ந்தவர்களுக்கு ஜாமீனே இல்லாமல் கடன் உண்டு, குடும்ப வருமானம் 8 லட்சம் வரை என்றால் 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகைக்கும் வழியிருக்கிறது. உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று போர்டலிலேயே பார்க்கலாம். இல்லாவிட்டால் ஜன் சமர்த் என்ற மத்திய அரசின் கடன் விண்ணப்ப போர்டலிலோ வங்கியின் சொந்தத் தளத்திலோ சாதாரணக் கல்விக்கடனுக்கு விண்ணப்பியுங்கள்.

எதுவானாலும் ஆன்லைனில் போட்டு எண் வாங்கிக்கொண்டு அப்புறம் கிளைக்குப் போங்கள். வெறுங்கையோடு போய் மேனேஜர் முன்னால் உட்கார்ந்தால் வாய்ப்பேச்சிலேயே முடிந்துவிடும். "உங்க ஏரியா கிளைக்குப் போங்க" என்பார்கள். வீடு எங்கள் கிளையின் எல்லைக்குள் இல்லை என்ற காரணத்தால் கல்விக்கடனை மறுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. "எஃப்.டி. போடுங்க, இன்ஷூரன்ஸ் எடுத்தாத்தான் நடக்கும்" என்பார்கள். கடனுக்கு அது நிபந்தனை இல்லை. "அப்பாவோட சிபில் சரியில்லை" என்றால், அதாவது பழைய கடன்களைக் கட்டிய வரலாறு சரியில்லை என்றால், அது கொஞ்சம் உண்மையான தடங்கல். அம்மாவையோ, சம்பாதிக்கும் அண்ணனையோ இணைக் கடனாளியாகப் போட முடியுமா என்று கேளுங்கள். பழைய நகைக்கடனோ பைக் கடனோ நிலுவையில் நின்றிருந்தால் கட்டி முடித்து, அதற்கான கடிதம் வாங்கி இணையுங்கள்.

மரியாதையாகப் பேசுங்கள், ஆனால் ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்: "சரிங்க சார், முடியாதுன்னா அதை எழுத்துல கொடுத்துடுங்க." கல்விக்கடன் விண்ணப்பத்தைக் கிளை தன்னிஷ்டத்துக்கு நிராகரிக்க முடியாது, மேல் அதிகாரியின் ஒப்புதல் வேண்டும், காரணத்தைச் சொல்ல வேண்டும். எழுத்தில் கேட்டதும் பாதி மறுப்புகள் "அடுத்த வாரம் வாங்க, பார்க்கலாம்" என்று மாறிவிடும். அப்படியும் நகரவில்லை என்றால் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள், ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒருவர் உண்டு. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுங்கள். ஆட்சியர் நடத்தும் கல்விக்கடன் முகாம் அறிவித்தால் அன்று கட்டாயம் போங்கள், எல்லா வங்கியும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், 14448 என்ற எண்ணில் வழி சொல்வார்கள். செலவு எதுவும் கிடையாது.

வட்டி மானியத்தைக் கையோடு கேட்டுவிடுங்கள். பெற்றோர் வருமானம் 4.5 லட்சத்துக்குள், படிப்பு தொழில்நுட்பம் அல்லது தொழிற்கல்வி, கல்லூரிக்கு நாக் அல்லது என்.பி.ஏ. என்ற அமைப்புகளின் தர அங்கீகாரம் இருக்கிறது என்றால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசே கட்டும். வட்டாட்சியர் கொடுத்த வருமானச் சான்றைக் கடன் வாங்கும்போதே கிளையில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். மானியம் தானாக வராது, வங்கி கேட்டு வாங்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் போய் "எங்க கணக்குக்கு க்ளெய்ம் போட்டீங்களா" என்று கேட்பது உங்கள் வேலை. நடுவில் படிப்பை விட்டுவிட்டால் மானியமும் போய்விடும், உடல்நலக் காரணம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

மானியம் கிடைக்காதவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள். வருஷத்துக்கு 1 லட்சம் வீதம் நாலு வருஷம், 9 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். படிக்கும்போதும் அதற்கடுத்த ஒரு வருஷமும் தவணை கட்ட வேண்டாம், ஆனால் வட்டி தனிவட்டியாக ஏறிக்கொண்டிருக்கும். முதல் வருஷ லட்சத்துக்கு ஐந்து வருஷத்தில் 45 ஆயிரம், அடுத்ததுக்கு 36, பிறகு 27, 18. ஆக 1 லட்சத்து 26 ஆயிரம். 4 லட்சம் வாங்கியவர் தவணையை 5 லட்சத்து 26 ஆயிரத்திலிருந்து தொடங்குவார், பத்து வருஷத்தில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 6,660 ரூபாய். வீட்டில் முடிந்தால் படிக்கும்போதே மாதா மாதம் வட்டியை மட்டும் கட்டிவிடுங்கள், முதல் வருஷத்தில் அது 750 ரூபாய்தான். அப்படிக் கட்டுபவர்களுக்கு வட்டியில் 1 சதவீதம் வரை குறைக்கும் வசதியும் திட்டத்தில் உண்டு, கேட்டால்தான் தருவார்கள். பெண்களுக்கு அரை சதவீதம் குறைவு என்று பல பொதுத்துறை வங்கிகளில் இருக்கிறது.

வாங்கிய பிறகு

உதவித்தொகை எதுவும் முதல் வருஷம் வாங்கியதோடு தானாகத் தொடராது. புதுப்பிக்க வேண்டும், அதற்கு மதிப்பெண்ணும் வருகைப் பதிவும் பார்ப்பார்கள். தேசியப் போர்டலில் நான் சொன்ன 12 ஆயிரம் திட்டத்துக்கு 50 சதவீத மதிப்பெண், 75 சதவீத வருகை. அரியர் வைத்தால் ஒரு பாடத்தோடு சேர்ந்து பணமும் போகும் என்பதை விடுதி அறையில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம்.

கடனில் ஒவ்வொரு செமஸ்டருக்கும் முந்தைய மதிப்பெண் பட்டியலும் கட்டணக் கடிதமும் கொண்டுபோனால் வங்கி நேரே கல்லூரிக்கு அனுப்பும். கடைசி தேதிக்கு மூன்று வாரம் முன்பே போங்கள், மேனேஜர் மாறியிருப்பார், கோப்பைத் தேடுவார்கள். எல்லா ரசீதையும் படம் பிடித்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள்.

படிப்பு முடிந்ததும் வங்கிக்குப் புது முகவரியும் செல்பேசி எண்ணும் கொடுங்கள். வேலை கிடைக்கவில்லையா, ஒளியாதீர்கள். வேலையில்லாத காலத்துக்குத் தவணையை ஆறு மாதம் தள்ளிவைக்க வழி இருக்கிறது, கடன் காலத்தில் இரண்டு மூன்று முறைகூடக் கேட்கலாம். மேற்படிப்புக்குப் போனாலும் முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். தவணை தவறி வசூல் ஆட்கள் பேசினால், காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, வீட்டாரை மிரட்டக் கூடாது, அது ரிசர்வ் வங்கியின் விதி. அழைப்பைப் பதிவு செய்து வைத்துப் புகார் கொடுங்கள்.

வேலை கிடைத்து வரி கட்டும் அளவுக்கு வந்துவிட்டால், பழைய வரி முறையில் இருப்பவர்கள் கல்விக்கடன் வட்டி முழுவதையும் எட்டு வருஷம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வங்கியில் வட்டிச் சான்று வாங்க வேண்டும். கடைசித் தவணை கட்டிய அன்றே கிளையில் நிலுவை இல்லை என்ற கடிதம் கேளுங்கள், ஏதாவது அசல் ஆவணம் கொடுத்திருந்தால் திரும்ப வாங்குங்கள், ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கை எடுத்து உங்கள் பெயரிலும் அப்பா அம்மா பெயரிலும் அந்தக் கணக்கு மூடப்பட்டதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள். அப்பாவின் அறிக்கையில் திறந்தே கிடந்தால், தம்பிக்குக் கடன் கேட்கும்போது அது குறுக்கே வரும்.